மணல்மேல் எழுந்த சோலை



வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றுக்குச் செல்பவர் முதலிற் காண விரும்புவன அதன் மாடமாளிகைகளும் கடைத்தெருக்களுமே. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில், உறவினர் இல்லத்திலே சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தபோது நானும் அவ்வெண்ணத்துடனேயே சென்றேன். ஆயினும், ஊர் திரும்பிய பின்னர் என் நெஞ்சிலே நிலைத்து நிற்பது ஒரு பூங்கா. கோல்டன் கேற் பூங்கா என்பது அதன் பெயர். பொன் வாயில் என்பது அத்தொடரின் பொருள். பசுபிக் சமுத்திரத்திலிருந்து அந்நகரின் விரிகுடாவுக்குள் நுழையும் நீரிணைக்கு முதலில் வழங்கிய பெயர் அது. பின்னர் பூங்காவும், அதற்கும் பின்னர் அந்நீரிணையின் மீது கட்டப்பட்ட செந்நிறப் பாலமும் அப்பெயரைப் பெற்றன. அப்பூங்காவைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச எண்ணுகிறேன்.

பூங்கா என்றவுடன் சில மலர்ப்பாத்திகளையும் நான்கு வாங்குகளையும் எண்ணிக்கொள்ளாதீர்கள். இதன் பரப்பு 1,017 ஏக்கர். நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற சென்றல் பூங்கா 843 ஏக்கர்தான். நீளம் மூன்று மைலுக்குச் சற்று அதிகம். அகலம் ஏறத்தாழ அரை மைல். நகரத்து வீடுகளின் நடுவே கிழக்கில் தொடங்கி, ஒரு பச்சைப் பாயை விரித்தாற்போல மேற்கு நோக்கி நீண்டு, பசுபிக் சமுத்திரத்தின் கரையிலே சென்று முடிகிறது. உள்ளே செல்லக் கட்டணமில்லை. சில தனித் தோட்டங்களுக்கும் காட்சிச்சாலைகளுக்கும் மட்டுமே கட்டணம் உண்டு.

நான் அங்கு சென்றது ஒரு யூலை மாதக் காலை. யூலை என்றால் அந்நாட்டிலே கோடைகாலம். மெல்லிய சட்டையுடன் புறப்பட்ட என்னிடம் உறவினர் கம்பளி மேலங்கி ஒன்றை நீட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பூங்காவிற் பாதித்தூரம் நடக்குமுன்னரே அதனை அணிந்து கொண்டேன். அக்கரையோரமாகக் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று செல்கிறது. உள்நாடு வெயிலிற் காய்ந்து சூடேறுந்தோறும், கடலின்மேற் படிந்த மூடுபனி நகருக்குள் இழுக்கப்படுகிறது. ஆகவே கோடையின் நடுவிலேயே மரங்களின் உச்சியிலிருந்து பனித்துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

கிழக்குப் பக்கத்தில் முதலில் என் கண்ணிற்பட்டது வெண்ணிறக் கண்ணாடி மாளிகை ஒன்று. 1879ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மலர்க்கூடம் அது. மரச்சட்டங்களிற் கண்ணாடி பதித்துக் கட்டியது. 1995ஆம் ஆண்டின் பெரும்புயல் அதனைச் சிதைத்துவிட, திருத்தி முடித்து 2003இல் மீண்டும் திறந்தார்கள். உள்ளே வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று. நமது வீட்டு முற்றத்திலே கேட்பாரின்றித் தாமே தழைக்கும் செடிகளை ஒத்தவை, அங்கே கண்ணாடிக்குள் விருந்தினரைப் போலப் பேணப்படுகின்றன. அதற்கப்பால் நூதனசாலைகள், நடுவிலே தீவுக்குன்று ஒன்றைக் கொண்ட ஏரி, அதற்கும் மேற்கே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கு வளர்க்கப்பட்டு வரும் அமெரிக்கக் காட்டெருதுகளின் புல்வெளி. ஈற்றிலே, கடலுக்கு முகங்கொடுத்து நிற்கும் இரண்டு பெருங் காற்றாலைகள்.

கடற்கரையை அண்மித்த ஒரு சைப்பிரஸ் மரத்தின் அடியிலே களைப்பாற அமர்ந்தேன். கையிலிருந்த குடையின் நுனியால் நிலத்தைச் சும்மா கிளறிக்கொண்டிருந்தேன். மேலே உதிர்ந்த சருகு. அதன் கீழே ஒரு விரற்கடை கறுத்த மண். அதன் கீழே வெறும் மணல். கடற்கரை மணல். அதனைக் கையில் அள்ளிப் பார்த்தேன். விரலிடுக்கு வழியாக வழிந்து போயிற்று. தலைக்கு மேலே வானத்தை மறைத்து நிற்கும் பெருமரம். அதன் அடியில் வேரூன்றுதற்கு இடமே கொடாத மணல். இது எவ்வாறு நிகழ்ந்தது என்னும் வினா அவ்விடத்திலேயே என் மனத்தில் எழுந்தது. அதற்கு நான் தேடியறிந்த விடையையே இனிக் கூறப்போகிறேன்.

இற்றைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விடத்தின் பெரும்பகுதி மணற்குன்றுகளாய்க் கிடந்தது. நகரத்தார் அதனை வெளிநிலம் என்றே அழைத்தனர். சமுத்திரக் காற்று ஓயாது வீச, குன்றுகள் இடம்பெயர்ந்து கொண்டேயிருந்தன. சென்றல் பூங்காவை அமைத்தவர்களுள் முதன்மையானவரான பிரடெரிக் லோ ஓம்ஸ்ரெட் என்பவரை 1866ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் ஆலோசனை கேட்டனர். இக்காற்றிலும் மணலிலும் பெருமரங்கள் செழிக்கும் என நம்புவதற்கில்லை என்று கருதிய அவர், வேறோர் இடத்திலே வேறு வகையான பூங்காவை அமைக்கும்படி கூறினார். நகரத்தாரோ மணல் நிலத்தையே தெரிந்தெடுத்தனர். 1870ஆம் ஆண்டிலே நிலத்தை அளந்து திட்டம் வகுக்கும் பணி, வில்லியம் ஹமண்ட் ஹோல் என்னும் இளம் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

ஓடுகின்ற மணலை நிறுத்துவது எப்படி? மரத்தை நட்டால் காற்று வேரைத் தோண்டிவிடும். அல்லது மணல் அதனை மூடிவிடும். இங்கே ஒரு கதை வழங்குகிறது. ஹோலும் அவருடைய ஆட்களும் மணற்குன்றுகளிடையே கூடாரமடித்திருந்த காலத்தில், குதிரைக்கு வைத்த ஊறிய பார்லி தானியம் சிறிது மணலிற் சிந்திவிட்டது. சில நாட்களில் அவ்விடத்திற் பசுமுளைகள் தோன்றின. அதனைக் கண்ட ஹோலுக்கு வழி புலப்பட்டது என்பர். கதை எவ்வாறாயினும், அவர் கையாண்ட முறை ஐயத்துக்கிடமில்லாதது. ஆராய்ந்து பார்க்குந்தோறும் வியப்பைத் தருவது.

பார்லி சில நாட்களில் முளைக்கும். அதன் மெல்லிய வேர்கள் மேல்மணலைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சில மாதங்களில் அது பட்டுப்போகும். ஆகவே பார்லியுடன் லூப்பின் என்னும் செடியின் விதையையும் கலந்து தூவினார்கள். இது அவரைக் குலத்தைச் சேர்ந்தது. மெதுவாக முளைப்பது, ஆனால் ஆழ வேரோடிப் பல ஆண்டுகள் நிற்பது, நைதரசனைச் சேர்த்து நிலத்தை வளப்படுத்துவது. பார்லி மணலைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில மாதங்களுக்குள் லூப்பின் தலையெடுத்துவிடும். லூப்பின் காற்றைத் தடுத்து நிற்கும் ஆண்டுகளுக்குள் மரக்கன்றுகள் வேரூன்றிவிடும். கடலோரத்திலோ வேலியிட்டு, அலைக்காற்றுக் கொண்டுவரும் மணலையே அணையாகக் குவியச் செய்து, அதன்மீது கடற்புல்லை நட்டார்கள். 1875ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 60,000 மரங்கள் நடப்பட்டிருந்தன. 1879இல் அத்தொகை 155,000 ஆயிற்று. பெரும்பாலானவை யூக்கலிப்டஸ், பைன், சைப்பிரஸ் ஆகிய மூவகை மரங்களே. முன்னர் ஐயுற்ற ஓம்ஸ்ரெட் அவர்களே பின்னர் ஹோலின் வேலையைப் பாராட்டி எழுதினார்.

இன்று பூங்காவிற் செல்பவர் எவரும் அந்தப் பார்லியைக் காண்பதில்லை. அது மூன்று நான்கு மாதங்கள் வாழ்ந்து, மணலைப் பிடித்து, தனக்குப் பின் வருவதற்கு இடம் கொடுத்து மறைந்து போயிற்று. ஆயினும் அது இல்லையேல் அந்தச் சைப்பிரஸ் மரமும் இல்லை. அதன் நிழலில் நான் அமர்ந்ததும் இல்லை. முப்பதாண்டுகளாகச் சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துவரும் எனக்கு, இச்செய்தி தனியானதோர் ஆறுதலைத் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஹோல் அவர்களின் முடிவு அத்துணை இனிதாக அமையவில்லை. அரசியலாளர் சிலர் அவர்மீது குறைகூற, 1876ஆம் ஆண்டிலே அவர் பதவி துறந்தார். சில ஆண்டுகள் பூங்கா போதிய பராமரிப்பின்றிக் கிடந்தது. பின்னர் அவரையே ஆலோசகராக மீண்டும் அழைத்தார்கள். தமக்குப் பின் பூங்காவைக் காக்கத் தக்கவரைத் தேர்வதில் அவருக்கும் பங்கிருந்தது. அவ்வாறு வந்தவரே ஜோன் மக்லாரன். இருவரும் 1846ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள் என்பது ஒரு சுவையான செய்தி. மக்லாரன் ஸ்கொட்லாந்துக்காரர், எடின்பரோ நகரின் தாவரவியற் பூங்காவிற் பயின்றவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, 1943ஆம் ஆண்டில் தமது தொண்ணூற்றாறாம் வயதில் இறக்கும்வரை, இப்பூங்காவின் பொறுப்பிலேயே இருந்தார். ஓய்வுபெறும் வயது வந்தபோது நகரத்தார் அவரை விட மறுத்துவிட்டனர். நகர வீதிகளிலே குதிரைகள் விட்ட எருவைக் கூட்டி அள்ளித் தமக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்து, அதனையே மணலுக்கு உணவாக்கினார். தமது வாழ்நாளில் இருபது இலட்சம் மரங்கள் நாட்டப்படக் காரணராயிருந்தார் என்று கூறுவர்.

அவருக்கு இரண்டு வெறுப்புகள் இருந்தனவாம். ஒன்று சிலைகள். பெரியோர் சிலைகளைப் பூங்காவில் நிறுவினால், அவற்றைச் சூழப் புதர்களை நட்டு மறைத்துவிடுவாராம். மற்றையது, புல்லை மிதிக்காதே என்னும் அறிவித்தற் பலகை. அப்படியொரு பலகை தமது பூங்காவில் இருத்தல் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார் என்பர். புல் மக்களுக்காகவே வளர்கிறது என்பது அவருடைய கொள்கை. இன்று அவருக்கே அப்பூங்காவில் ஒரு சிலை உண்டு. உயர்ந்த பீடமின்றி, நிலத்தின்மீதே நிற்கிறது.

அப்புல் மக்களுக்கு எவ்வளவு வேண்டியதாயிற்று என்பது 1906ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 18ஆம் நாள் தெரியவந்தது. அன்று அதிகாலையிலே பெரும் பூமியதிர்ச்சி. அதனைத் தொடர்ந்து நாட்கணக்காய் எரிந்த தீ. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவருட் பல்லாயிரவர், கையிலகப்பட்டதைச் சுமந்துகொண்டு, எரியாத வெளியாகிய இப்பூங்காவை நோக்கி வந்தனர். புல்வெளிகளிலே கூடாரங்கள் எழுந்தன, சமையல் நடந்தது, பிள்ளைகள் பிறந்தன. ஆடம்பரம் என்று சிலர் எண்ணிய பூங்கா, அந்நாளிலே ஒரு நகரத்துக்கு மடியாக இருந்தது. இடம்பெயர்ந்து மரநிழலிலே இரவுகளைக் கழித்தவர்கள் நம்மிடையேயும் பலர் உள்ளனர். அவர்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால், அதே பூங்காவிலேயே நாம் தலைகுனிந்து கேட்கவேண்டிய வரலாறு ஒன்றும் உண்டு. 1894ஆம் ஆண்டிலே அங்கு ஒரு சர்வதேசக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கென அமைத்த யப்பானியக் கிராமத்தை, கண்காட்சி முடிந்த பின்னரும் ஒரு தேயிலைத் தோட்டமாக, அதாவது தேநீர் அருந்தி மகிழும் நந்தவனமாகப் பேணி வளர்த்தவர் மக்கோட்டோ ஹகிவாரா என்னும் யப்பானியர். அவரும் அவருடைய குடும்பத்தாரும் அத்தோட்டத்திலேயே குடியிருந்து, வளைந்த பாலங்களும் குறுமரங்களும் மீன்குளங்களுமாக அதனை அழகு செய்தனர். 1925இல் அவர் இறந்த பின்னர் மகளும் பேரப்பிள்ளைகளும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

1942ஆம் ஆண்டு. யப்பானுடன் போர். மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தார் ஏறத்தாழ 120,000 பேர் அரசாணையினாலே வீடுகளினின்று அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். ஹகிவாரா குடும்பமும் வெளியேற்றப்பட்டது. அவர்கள் வாழ்ந்த வீடு இடிக்கப்பட்டது. தோட்டத்தின் பெயரிலிருந்த யப்பான் என்னும் சொல்லும் நீக்கப்பட்டு, கீழைத்தேயத் தேயிலைத் தோட்டம் என்ற பெயர் இடப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அக்குடும்பம் அத்தோட்டத்துக்குத் திரும்ப இடமளிக்கப்படவில்லை. பழைய பெயர் 1952இல் மீண்டது. 1953இல் யப்பானியச் சிறுவர்கள் காசு சேர்த்து அளித்த அமைதி விளக்கு ஒன்று அங்கு நாட்டப்பட்டது. 1974இல் அக்குடும்பத்தாரை நினைவுகூரும் பட்டயம் ஒன்று நிறுவப்பட்டது. அதனைச் செய்தளித்த சிற்பி ரூத் அசாவா; அவரும் இளமையில் அம்முகாம்களிலே அடைபட்டிருந்தவரே.

அந்த விளக்கின் முன்னே நான் நெடுநேரம் நின்றேன். மணலைக் கட்டி நிறுத்தக் கற்றுக்கொண்ட ஒரு நகரம், அரை நூற்றாண்டாகத் தன் மண்ணிலே மரம் வளர்த்த ஒரு குடும்பத்தை நிலைக்கவிடக் கற்றுக்கொள்ளவில்லையே என்று எண்ணினேன். தன் தவறைப் பட்டயத்திற் பொறித்து வைக்கும் துணிவு அந்நகரத்துக்குப் பின்னர் வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பொதுவிடம் என்று பெயரிட்டுவிட்டால் மட்டும் ஓர் இடம் பொதுவாகிவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பூங்காவுக்காகக் கொடுத்த விலையையும் மறத்தல் ஆகாது. மணற்குன்றுகள் வெறும் பாழ்நிலமல்ல. அவற்றுக்கே உரிய செடிகளும் பூச்சிகளும் அங்கு வாழ்ந்தன. நகரமும் அதன் தோட்டங்களும் மணலை மூட மூட, அவை ஒதுங்க இடமின்றிப் போயின. செர்சிஸ் நீலம் என்னும் ஒரு சிறு வண்ணத்துப்பூச்சி சான் பிரான்சிஸ்கோவின் மணற்குன்றுகளிலன்றி வேறெங்கும் வாழாதது. 1940களின் தொடக்கத்துக்குப் பின்னர் அதனை எவரும் கண்டாரில்லை. மேலும், ஒரே காலத்தில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில் மூப்படைகின்றன. புயலிலே வரிசையாக வீழ்கின்றன. அவற்றுக்குப் பதிலாகக் கன்றுகளை நடும் வேலை இன்றும் நடைபெறுகிறது. நீரும் இயல்பாகக் கிடைத்ததன்று. நான் கூறிய காற்றாலைகள் இரண்டும், 1903இலும் 1908இலும், நிலத்தடி நீரை இறைப்பதற்காகவே கட்டப்பட்டவை. அவற்றைத் தள்ளிவைத்த மின்சாரப் பம்பிகள் பின்னர் வந்தன. ஆகவே, அப்பூங்கா ஒருமுறை அமைத்து முடிந்த பொருளன்று. நாள்தோறும் மனிதர் தாங்கிப் பிடித்திருப்பதொன்று.

இக்காலத்தில் நகரத்தார் அதனைத் தாங்கும் விதம் ஒன்றைக் கூறுகிறேன். பூங்காவின் கிழக்குப் பகுதியூடாகச் செல்லும் பெருவீதியில் மோட்டார் வண்டிகள் ஓடுவது, 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலே நிறுத்தப்பட்டது. அதனை நிரந்தரமாக்குவதா என்பது பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. 2022இல் மக்களே வாக்களித்து, நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தனர். நான் சென்ற நாளில் அவ்வீதியின் நடுவே சிறுவர் சைக்கிள் ஓட்டப் பழகினர். முதியவர் இருவர் கைகோத்து நடந்தனர். யாரோ ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்.

நேயர்களே, நமக்கும் மணல் உண்டு. வல்லிபுரத்தாழ்வார் கோயிலின் கடற்றீர்த்தத்துக்காக, மணலிற் கால் புதையப் புதையக் கடலை நோக்கி நடந்தவர்கள் பலர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வடமராட்சிக் கிழக்கிலே மணற்காட்டுக்குச் சென்றவர்கள், மணல் மூடிய பழைய தேவாலயத்தின் சுவர்களையும், குன்றுகளைப் பிடித்து நிற்கும் சவுக்குத் தோப்பையும் கண்டிருப்பார்கள். அங்கும் யாரோ சிலர், தாம் நிழல் காண்போமோ என்று எண்ணாது, கன்றுகளை நாட்டிச் சென்றிருக்கிறார்கள். அந்தக் குன்றுகளிலிருந்து மணல் வண்டி வண்டியாக அள்ளப்படும் செய்தியையும் நாம் கேள்விப்படாமலில்லை. கடலுக்கும் ஊருக்கும் இடையே மணற்குன்று எத்தகைய அரண் என்பதை, 2004ஆம் ஆண்டு மார்கழி மாதத்துக்குப் பின்னர் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நமது மணற்குன்றுகளையெல்லாம் பூங்காவாக்க வேண்டும் என்று நான் கூறவரவில்லை. சிலவற்றை மணலாகவே விட்டுவைப்பதுதான் அறிவு. அந்தச் சிறு வண்ணத்துப்பூச்சி நமக்கு உணர்த்துவது அதுவே. நான் வேண்டுவது வேறு. மணலை அள்ளுவதற்கு ஒரு நாட்பொழுது போதும். அதனை நிறுத்துவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். அத்தலைமுறையின் முதல் வேலை பெருமரம் நாட்டுவதன்று. ஒரு பிடி தானியத்தைத் தூவுவது. சில மாதங்களே நின்று மறையக்கூடிய அச்சிறு வேலையைச் செய்வதற்கு மனம் ஒப்புபவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே ஒரு ஊரின் நிழல் அமைகிறது.

அன்று அந்தச் சைப்பிரஸ் மரத்தடியிற் கிளறிய மணலைக் குடை நுனியால் மீண்டும் மூடி, சருகுகளையும் அதன்மேற் பரப்பிவிட்டு எழுந்தேன். மூடுபனி கலைந்து வெயில் வந்திருந்தது. காற்றாலைக்கு அப்பால் அலையோசை கேட்டது. அது நமது கரையில் கேட்கும் ஓசையைப் போலவே இருந்தது.